உறவு மட்டுமே சொத்து: இளவரசி ஆலிஸின் குடும்பக் கதை

மவுண்ட்பேட்டன் பிரபுவை நமக்குப் பள்ளிக்கூடப் பாடத்திலிருந்தே தெரியும். இந்தியாவின் கடைசி வைஸ்ராய். அவருக்கு ஓர் அக்கா உண்டு. பதினைந்து வயது மூத்தவர், பெயர் ஆலிஸ். இங்கிலாந்து ராணி இரண்டாம் எலிசபெத்துக்கு மாமியார், இப்போதைய மன்னர் சார்லஸுக்கு அப்பாவைப் பெற்ற பாட்டி. இவ்வளவு பக்கத்தில் பெரிய பெரிய கிரீடங்கள் இருந்தும், ஐரோப்பிய அரச வம்சக் கணக்கில் ஆலிஸ் சின்ன இளவரசிதான். பிறந்த வீட்டுக்கு நாடு கிடையாது. புகுந்த வீட்டுக்கு நாடு இருந்தது. ஆனால் இன்றைக்கு இருக்கும், நாளைக்குப் போகும் என்கிற கதை.

‘ஊரெல்லாம் உறவு, ஒரு வாய் சோறில்லை’ என்பார்கள். நூறு வருடம் முந்தைய ஐரோப்பாவின் குட்டி இளவரசர்கள் பலரும் அந்த நிலையில்தான் இருந்தார்கள். பட்டம் இருக்கும். ஆள ஊரோ, பெரிய வருமானமோ இருக்காது. யாருக்கு யார் என்ன முறை என்பதுதான் கையிருப்பு. ஆலிஸின் வாழ்க்கையை இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் பல விஷயங்கள் தெளிவாகும். அவருக்குக் கூரை கொடுத்ததும் உறவு, அவரை மனநல விடுதிக்கு அனுப்பி வைத்ததும் உறவு. உறவுக்காரர்களின் முடிவுகளைத் தாண்டி அவர் சுயமாக வாழத் தொடங்கியபோது வயது ஐம்பதைக் கடந்திருந்தது.

பிறந்த வீட்டின் கதையே ஒரு காதல் கல்யாணத்தில் தொடங்குகிறது. ஜெர்மனியின் ஹெஸ்ஸே சமஸ்தானத்து இளவரசர் அலெக்சாண்டர், ரஷ்யப் பட்டத்து இளவரசரின் மனைவியான தன் தங்கையின் அரண்மனையில் தோழியாக இருந்த ஜூலியா ஹௌகேயை 1851இல் மணந்துகொண்டார். ஜூலியா ஒரு தளபதியின் மகள், அவ்வளவுதான். அரச ரத்தம் கிடையாது. அந்தஸ்து பொருந்தாத இப்படிப்பட்ட திருமணங்களுக்கு மார்கனாட்டிக் திருமணம் என்று பெயர். சட்டப்படி அது செல்லும், ஆனால் பிள்ளைகளுக்கு அப்பாவின் பட்டமும் வாரிசுரிமையும் வராது. சரி, ஏதாவது ஒரு பெயர் வேண்டுமே என்று பேட்டன்பர்க் என்ற சிற்றூரின் பெயரை ஹெஸ்ஸே அரசு அவர்களுக்குக் கொடுத்தது. ஆக, பேட்டன்பர்க் பிள்ளைகள் இளவரசர்கள்தான். ஆனால் ‘முழு’ இளவரசர்கள் பந்தியில் இடம் கிடைக்காத இளவரசர்கள்.

மூத்த மகன் லூயி பிழைப்புத் தேடி இங்கிலாந்துக்குப் போனார். பதினான்கு வயதில் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்தார். பின்னாளில் விக்டோரியா மகாராணியின் மகள் வயிற்றுப் பேத்தியை மணந்தார். அந்தத் தம்பதியின் முதல் குழந்தைதான் ஆலிஸ். 1885 பிப்ரவரி 25இல் வின்ட்சர் கோட்டையில் பிறந்தபோது, கொள்ளுப்பாட்டியான மகாராணியே பிரசவத்தின்போது கூட இருந்தார்.

குழந்தைக்குப் பேச்சு வரத் தாமதமாயிற்று. வந்த பேச்சும் தெளிவாக இல்லை. காரணத்தைக் கண்டுபிடித்தது அப்பாவைப் பெற்ற பாட்டி, அதே ஜூலியாதான். காது மருத்துவரிடம் அழைத்துப் போய்க் காட்டினார். பிறவியிலேயே செவித்திறன் குறைவு என்று தெரியவந்தது. அம்மா சலுகை எதுவும் காட்டவில்லை. உதட்டசைவைப் பார்த்தே ஆங்கிலமும் ஜெர்மனும் புரிந்துகொள்ளப் பெண் பழகினாள். பின்னால் பிரெஞ்சும் கிரேக்கமும் சேர்ந்துகொண்டன. காதில் விழாத நான்கு மொழிகளைக் கண்ணால் படித்தவர் என்று சொல்லலாம்.

அந்தக் காலத்து அரச குடும்பங்களுக்கு முடிசூட்டு விழாவும் கல்யாணமும்தான் பெண் பார்க்கும் இடம். 1902இல் லண்டனில் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்குக் கிரேக்க இளவரசர் ஆண்ட்ரூ வந்திருந்தார். அடுத்த ஆண்டு அக்டோபரில் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் கல்யாணம். முதல் நாள் பதிவுத் திருமணம், மறுநாள் லூத்தரன் முறையில் ஒன்று, ஆர்த்தடாக்ஸ் முறையில் ஒன்று. சித்தப்பா முறையில் வந்து உட்கார்ந்திருந்தவர் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கோலஸ். அவர் மனைவி அலெக்ஸாண்ட்ரா, ஆலிஸின் அம்மாவுக்குத் தங்கை.

மாப்பிள்ளை வீட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கிரேக்க அரச குடும்பம் என்று பெயரே தவிர, கிரேக்க ரத்தம் கிடையாது. 1863இல் காலியாக இருந்த கிரேக்க அரியணைக்கு ஆள் தேடிய வல்லரசுகள், டென்மார்க்கின் பதினேழு வயது இளவரசர் ஒருவரைப் பிடித்து முதலாம் ஜார்ஜ் என்ற பெயரில் உட்கார வைத்தன. அவருடைய நான்காவது மகன் ஆண்ட்ரூ. வெளியிலிருந்து கொண்டுவந்து வைத்த அரசு என்பதால் போர் தோற்றால் மன்னர் மேல் பழி, விலைவாசி ஏறினால் மன்னர் மேல் பழி. நாட்டோடு ஒட்டிக்கொள்ள வேண்டும் என்ற அவசரம் அந்தக் குடும்பத்துக்கு எப்போதும் இருந்தது. பால்கன் போர்கள் நடந்த 1912, 1913இல் ஆலிஸ் போர்முனை மருத்துவமனைகளில் செவிலியாக வேலை பார்த்தார். அறுவை சிகிச்சைகளில் கூட நின்றார். அதே 1913இல் மாமனார் ஜார்ஜ், தெசலோனிக்கி தெருவில் நடந்து போகும்போது சுட்டுக் கொல்லப்பட்டார்.

முதல் உலகப் போர் வந்தபோது இந்த உறவு வலையே சுருக்குக் கயிறாக மாறியது. பிரிட்டிஷ் கடற்படைத் தலைமைப் பொறுப்புக்கு உயர்ந்திருந்த அப்பா லூயியை, ஜெர்மானியர் என்ற கூச்சல் 1914இல் பதவி விலக வைத்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பார்த்த வேலை. கிரீஸில் ஆலிஸின் மைத்துனரான மன்னர் கான்ஸ்டன்டைன், மனைவி ஜெர்மன் கைசரின் தங்கை என்பதாலேயே சந்தேகத்துக்கு ஆளானார். நேச நாடுகளின் நெருக்குதலால் 1917இல் நாட்டை விட்டு வெளியேற, குடும்பமே சுவிட்சர்லாந்தில் அகதியானது. அதே ஆண்டு இங்கிலாந்தில் மன்னர் குடும்பம் ஜெர்மன் பெயர்களைக் கைவிட்டபோது, பேட்டன்பர்க் மவுண்ட்பேட்டன் ஆயிற்று. 1918 ஜூலையில் ரஷ்யாவில் ஒரு நாள் இடைவெளியில் இரண்டு சித்திகள் கொல்லப்பட்டார்கள். ஒருவர் பேரரசி அலெக்ஸாண்ட்ரா. இன்னொருவர் எலிசபெத், வீட்டில் எல்லா என்பார்கள். கணவர் வெடிகுண்டுக்குப் பலியான பிறகு நகைகளை விற்று மாஸ்கோவில் ஏழைகளுக்காகக் கன்னியர் மடம் தொடங்கியவர். ஆலிஸின் மனதில் கடைசிவரை உட்கார்ந்திருந்த ஆள் இந்த எல்லா சித்திதான்.

நான்கு பெண்களுக்குப் பிறகு 1921 ஜூன் 10இல் கோர்ஃபு தீவில், மோன் ரெப்போ மாளிகையின் சாப்பாட்டு மேசை மேல் பிலிப் பிறந்தார். அடுத்த ஆண்டே ஆசியா மைனரில் துருக்கியரிடம் கிரேக்கப் படை சிதறியது. ராணுவப் புரட்சி அரசு, தோல்விக்குப் பொறுப்பென்று முன்னாள் பிரதமர்கள் உட்பட ஆறு பேரைச் சுட்டுக் கொன்றது. படைப்பிரிவுத் தலைவராக இருந்த ஆண்ட்ரூவும் விசாரணைக் கூண்டில் நின்றார். இங்கேயும் காப்பாற்றியது உறவுதான். பிரிட்டிஷ் தூதர் ஒருவர் ரகசியமாகப் பேசி முடிக்க, ஆயுள் முழுக்க நாடுகடத்தல் என்ற தண்டனையோடு உயிர் தப்பியது. ‘கலிப்சோ’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் வந்து ஏற்றிக்கொண்டது. பதினெட்டு மாதக் குழந்தை பிலிப்புக்கு ஆரஞ்சுப் பழப் பெட்டிதான் தொட்டில்.

பாரிஸுக்கு அருகே சான்-க்ளூவில் குடியேறினார்கள். வீடு ஆலிஸின் ஓரகத்தி மேரி போனபார்டுடையது. நெப்போலியன் வம்சத்துப் பெண், பெரும் பணக்காரி, உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த சிக்மண்ட் ஃபிராய்டின் சீடர். இந்தக் கடைசித் தகவலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும். ஆலிஸ் கிரேக்க அகதிகளுக்காகக் கைவினைப் பொருள் விற்கும் கடையில் வேலை பார்த்தார். செலவுக்குச் சொந்தக்காரர்கள் கை கொடுத்தார்கள். ஆண்ட்ரூவுக்குச் செய்ய வேலை எதுவும் இல்லை.

1928இல் ஆலிஸ் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் சபைக்கு மாறினார். அதுவரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம்தான் பேச்சு மாறத் தொடங்கியது. தெய்வம் தன்னோடு பேசுகிறது என்றார். தன் கைகளுக்கு நோய் தீர்க்கும் சக்தி வந்திருக்கிறது என்றார். ஓரகத்தி மேரியின் மூலம் பெர்லினில் ஃபிராய்டின் நண்பர் எர்ன்ஸ்ட் சிம்மெல் நடத்திய மருத்துவமனையில் சேர்த்தார்கள். சிம்மெல் ஃபிராய்டிடம் யோசனை கேட்டார். நோயாளியின் மதப் பிரமைகளுக்குப் பாலுணர்வு ஏக்கம்தான் வேர் என்பது அவர்கள் கணக்கு. சூலகங்களில் எக்ஸ்ரே பாய்ச்சி மாதவிடாயைச் சீக்கிரம் நிறுத்திவிடலாம் என்றார் ஃபிராய்ட். அதைச் செய்தும் விட்டார்கள். அன்றைய மருத்துவம் அவ்வளவுதான் என்று இதை நியாயப்படுத்துகிறவர்கள் உண்டு. என்னால் அவ்வளவு லேசாகக் கடந்துபோக முடியவில்லை. உறவுக்காரியின் சிபாரிசு, பெரிய மனிதரின் அபிப்பிராயம், இரண்டும் சேர்ந்தபின் நாற்பத்தைந்து வயதுப் பெண்ணின் சம்மதத்தை யார் பெரிதாகக் கேட்டிருப்பார்கள்?

1930 மே 2. டார்ம்ஸ்டாட்டில் குடும்பம் கூடியிருந்த சமயம். பிள்ளைகளை அன்றைக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். மருத்துவர் வந்தார், மயக்க ஊசி போடப்பட்டது, ஆலிஸைக் காரில் ஏற்றி சுவிட்சர்லாந்தின் க்ரொய்ட்ஸ்லிங்கன் ஊரில் லுட்விக் பின்ஸ்வாங்கர் நடத்திய விடுதிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்த எட்டு வயது பிலிப்புக்கு அம்மா இல்லை. ஏற்பாட்டில் முக்கியப் பங்கு ஆலிஸைப் பெற்ற தாய்க்கே இருந்தது. ஆலிஸ் அந்த விடுதியில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். தனக்குப் புத்தி சரியாகத்தான் இருக்கிறது என்று வாதாடினார், வெளியேறவும் முயன்றார்.

அந்த இடைவெளியில் குடும்பமே கலைந்தது. 1930 டிசம்பர் முதல் 1931 ஆகஸ்ட் வரை ஒன்பது மாதங்களுக்குள் நான்கு பெண்களுக்கும் கல்யாணம். நால்வருக்கும் ஜெர்மன் இளவரசர்கள். ஒன்றுக்குக்கூட அம்மா வரவில்லை. மூன்றாம் மகள் செசிலியை மணந்தது ஆலிஸின் தாய்மாமன் மகனேதான். அப்பா ஆண்ட்ரூ தெற்கு பிரான்ஸ் கடற்கரையில் தனியாக ஒதுங்கிக்கொண்டார். பிலிப் இங்கிலாந்தில் பாட்டி வீடு, மாமா வீடு, பள்ளி விடுதி என்று வளர்ந்தார். 1932 கோடையிலிருந்து 1937 வரை அம்மாவிடமிருந்து அவருக்கு ஒரு கடிதம்கூட இல்லை. விடுதியிலிருந்து வெளிவந்த ஆலிஸ் ஜெர்மனியில் சின்னச் சின்னத் தங்கும் வீடுகளில், யாருக்கும் தெரியாமல், வருடக்கணக்கில் வாழ்ந்தார்.

திரும்பச் சேர்த்தது ஒரு சாவு. 1937 நவம்பர் 16இல், மைத்துனர் கல்யாணத்துக்காக லண்டனுக்குப் பறந்த செசிலியின் விமானம் பெல்ஜியத்தின் ஓஸ்டெண்ட் அருகே பனிமூட்டத்தில் நொறுங்கியது. நிறைமாதக் கர்ப்பிணியான செசிலி, கணவர், இரண்டு ஆண் குழந்தைகள், மாமியார் எல்லோரும் போய்விட்டார்கள். டார்ம்ஸ்டாட் இறுதிச் சடங்கில் ஆலிஸும் ஆண்ட்ரூவும் ஆறு ஆண்டுகளில் முதல்முறை ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஊர்வலத்தில் நாஜிச் சீருடைகளுக்கு நடுவே பதினாறு வயது பிலிப் நடந்து போகும் புகைப்படம் இன்றும் இருக்கிறது. செசிலியும் கணவரும் அந்த ஆண்டுதான் நாஜிக் கட்சியில் சேர்ந்திருந்தார்கள். கடைசி மகள் சோஃபியின் கணவர் கிறிஸ்டோஃப், நாஜிகளின் எஸ்.எஸ். படை அதிகாரி, நாஜித் தலைவர்களில் ஒருவரான கோரிங்கின் கீழ் தொலைபேசி ஒட்டுக்கேட்கும் அமைப்பை நடத்தியவர்.

1938இல் ஆலிஸ் ஏதென்ஸுக்குத் திரும்பினார், தனியாக. இரண்டு படுக்கையறை உள்ள சின்ன வீடு. கிரீஸில் மூன்று ஆண்டு முன்புதான் முடியாட்சி மீண்டிருந்தது. போர் வந்து மற்ற அரச குடும்பத்தார் கப்பலேறியபோது, ஆலிஸும் இன்னோர் ஓரகத்தியான, ஆண்ட்ரூவின் அண்ணன் நிக்கோலஸின் விதவையும் மட்டும் ஊரிலேயே தங்கிவிட்டார்கள். 1941-42 குளிர்காலத்தில் ஏதென்ஸ் தெருக்களில் மனிதர்கள் பசியால் விழுந்து செத்தார்கள். ஆலிஸ் கஞ்சித் தொட்டிகளில் வேலை பார்த்தார், அநாதைக் குழந்தைகளுக்குத் தங்குமிடம் ஏற்பாடு செய்தார். தங்கை லூயிஸ் ஸ்வீடனின் பட்டத்து இளவரசி. அவரைப் பார்க்கப் போகிறேன் என்று விமானத்தில் போய் மருந்துகளோடு திரும்பினார். உறவு வலை என்றால் என்ன, அதை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதை இந்த முறை அவரே தீர்மானித்தார்.

மருமகன்கள் ஜெர்மன் சீருடையில், மகன் பிரிட்டிஷ் கடற்படையில். இந்தம்மா நம் பக்கம்தான் என்று ஜெர்மானியர்கள் நினைத்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை. ஒரு ஜெர்மன் தளபதி பார்க்க வந்து, உங்களுக்கு ஏதாவது செய்ய வேண்டுமா என்று கேட்டாராம். உங்கள் படையை என் நாட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்று பதில் வந்ததாம். இந்தக் கதையைச் சொல்லாத வரலாற்றாசிரியரே இல்லை.

கோஹென் குடும்பத்தின் விஷயம் இதைவிடக் கனமானது. ஹைமாகி கோஹென், திரிகலா ஊரைச் சேர்ந்த யூதர், முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர். 1913இல் மன்னர் ஜார்ஜுக்கு ஓர் உதவி செய்தவர். எப்போது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று மன்னர் வாக்குக் கொடுத்திருந்தார். ஜெர்மன் பிடியில் இருந்த தெசலோனிக்கியிலிருந்து 1943 மார்ச் முதல் சில மாதங்களில் 40,000க்கும் அதிகமான யூதர்கள் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு ரயிலேற்றப்பட்டார்கள். இத்தாலியர் வசம் இருந்த ஏதென்ஸ் அதுவரை கொஞ்சம் பாதுகாப்பு. அந்தச் செப்டம்பரில் இத்தாலி சரணடைந்ததும் ஏதென்ஸும் ஜெர்மானியர் கைக்குப் போனது. ஹைமாகி அதற்குள் இறந்துவிட்டார். விதவை ரேச்சலும் மகள் டில்டியும் ஒளிய இடம் தேடினார்கள்.

அப்போது ஆலிஸ் இருந்தது கணவரின் அண்ணன் ஜார்ஜின் மூன்று மாடி வீட்டில். மேல்தளத்தை அவர்களுக்குக் கொடுத்தார். பின்னால் ஒரு மகனும் வந்து சேர்ந்துகொண்டார். முப்பது வருடம் பழைய வாக்கு, கொடுத்தவர் மாமனார். வாங்கியவரும் கொடுத்தவரும் இருவருமே உயிரோடு இல்லை. நிறைவேற்ற வேண்டிய கட்டாயம் யாருக்கும் கிடையாது. ஆலிஸ் அவ்வப்போது மாடிக்குப் போய் ரேச்சலோடு உட்கார்ந்து பேசுவார். யூத மதம் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்வார். நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டபோவுக்குச் சந்தேகம் வந்து விசாரித்தபோது, காது கேட்கவில்லை, நீங்கள் சொல்வது ஒன்றும் புரியவில்லை என்று மந்தமாக உட்கார்ந்துவிட்டார். உதட்டைப் பார்த்து ஜெர்மன் மொழியைச் சிறு வயதிலேயே கற்ற பெண்மணி! 1944 அக்டோபரில் ஏதென்ஸ் விடுதலை ஆகும்வரை கோஹென் குடும்பம் அங்கேயே இருந்தது, உயிர் பிழைத்தது.

விடுதலைக்குப் பிறகு போய்ப் பார்த்த ஹெரால்ட் மாக்மில்லன், பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரானவர், ஆலிஸ் மிக எளிய, கிட்டத்தட்ட அலங்கோலமான நிலையில் வாழ்வதாகக் குறித்து வைத்திருக்கிறார். கிடைத்த உணவுப் பொருட்களையும் ஆலிஸ் வெளியே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். டிசம்பரில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கும் பிரிட்டிஷ் படைக்கும் தெருச்சண்டை நடந்தபோதும் அப்படித்தான் நடந்து திரிந்தார். குண்டு பட்டால் என்ன ஆவது என்று அதட்டியவர்களிடம், நம்மைக் கொல்லும் குண்டின் சத்தம் நமக்குக் கேட்காது என்கிறார்கள், எனக்கு எப்படியும் காது கேட்காது, அப்புறம் என்ன கவலை என்றார். அந்த நாட்களில்தான் ஆண்ட்ரூ மான்டி கார்லோவில் இறந்த செய்தி வந்தது. 1939க்குப் பிறகு இருவரும் சந்திக்கவே இல்லை.

1947 நவம்பரில் பிலிப்புக்கும் இளவரசி எலிசபெத்துக்கும் திருமணம். நிச்சய மோதிரத்துக்கான வைரங்கள் ஆலிஸின் தலைநகையிலிருந்து எடுக்கப்பட்டவை. போர் முடிந்து இரண்டே வருடம் என்பதால் ஜெர்மானியரை மணந்த மகள்கள் யாருக்கும் அழைப்பில்லை. மாப்பிள்ளை கிரேக்கப் பட்டங்களைத் துறந்து, அம்மா வீட்டுப் பெயரை எடுத்துக்கொண்டு பிலிப் மவுண்ட்பேட்டன் ஆகியிருந்தார். இன்றைக்குப் பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் பட்டமில்லாத சந்ததியினருக்குக் குடும்பப் பெயர் மவுண்ட்பேட்டன்-வின்ட்சர். அந்தஸ்து போதாது என்று ஒரு காலத்தில் ஒதுக்கி வைத்த ஜூலியாவின் பிள்ளைகளுக்கு ஒட்டுப்போட்டுக் கொடுத்த பெயரின் வழித்தோன்றல் அது.

எல்லா சித்தியின் மடத்தின் பெயரையே வைத்து 1949இல் ஆலிஸ் செவிலிக் கன்னியர் அமைப்பு ஒன்றைத் தொடங்கினார். சாம்பல் நிறக் கன்னியர் உடை அணியத் தொடங்கினார். 1953இல் மருமகளின் முடிசூட்டு விழாவுக்கும் அதே உடைதான். சிகரெட் பிடித்துக்கொண்டு சீட்டாடும் கன்னியாஸ்திரியை என்னவென்று சொல்வது என்று பெற்ற தாயே கிண்டலடித்தார். அமைப்பு நிலைக்கவில்லை, தகுந்த பெண்கள் சேரவில்லை.

1960இல் இந்தியாவுக்கும் வந்தார். நம் முதல் சுகாதார அமைச்சராக இருந்த ராஜகுமாரி அம்ரித் கௌரின் அழைப்பு. இந்தியச் சமய சிந்தனைகளில் ஆலிஸுக்கு ஆர்வம் இருந்தது. டெல்லியில் உடல்நலம் கெட்டு, பயணத்தைப் பாதியில் முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அழைத்தவர்களைச் சமாதானப்படுத்தியது, வேறு வேலையாக அந்த வழியில் வந்திருந்த தம்பி மனைவி எட்வினா மவுண்ட்பேட்டன். அடுத்த மாதமே எட்வினா இறந்துபோனார்.

1967இல் கிரீஸில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, மகனும் மருமகளும் வற்புறுத்தி பக்கிங்ஹாம் அரண்மனைக்கு அழைத்துக்கொண்டார்கள். 1969 டிசம்பர் 5இல் அங்கேயே இறந்தார். சொத்து என்று எதுவும் மிச்சமில்லை; எல்லாவற்றையும் முன்பே கொடுத்துவிட்டார். எல்லா சித்தியின் உடல் இருக்கும் ஜெருசலேமின் ஒலிவ மலைக் கன்னியர் மடத்தில் தன்னையும் வைக்கச் சொல்லியிருந்தார். அவ்வளவு தூரம் யார் வந்து பார்ப்பது என்று மகள் குறைப்பட்டபோது, நல்ல பஸ் வசதி இருக்கிறதே என்றாராம். ஆசை நிறைவேற 1988 ஆகஸ்ட் வரை ஆயிற்று. அதுவரை வின்ட்சரில் இருந்தார்.

1994 அக்டோபர் 31இல், யூதர்களைக் காப்பாற்றிய பிற மதத்தவருக்கு இஸ்ரேலின் யாத் வஷேம் நினைவகம் வழங்கும் கௌரவம் ஆலிஸின் பெயருக்குக் கொடுக்கப்பட்டது. வாங்கிக்கொள்ள வந்தவர்கள் அப்போது உயிரோடு இருந்த இரண்டு பிள்ளைகள்: பிரிட்டிஷ் கடற்படையில் போரிட்ட பிலிப்பும், முதல் கணவரை எஸ்.எஸ். அதிகாரியாகப் பார்த்த சோஃபியும். தங்களுக்குத் தெரிந்தவரை அம்மா இதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை என்றார் பிலிப். தான் செய்ததில் விசேஷமாக எதுவும் இருப்பதாகவே அவருக்குத் தோன்றியிருக்காது என்றும் சொன்னார்.